டிபரன்சல்: சொல் எங்கிருந்து வந்தது, தமிழில் என்ன சொல்லலாம்?

மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ எந்தக் கராஜில் கேட்டாலும், வண்டியின் பின் அச்சின் நடுவில் வீங்கிக் கிடக்கிற அந்த இரும்பு உருண்டைக்கு ஒரே பெயர்தான்: டிபரன்சல். அவசரத்துக்கு 'டிப்'. ஊளைச் சத்தம் வந்தால் டிப், ஒயில் ஒழுகினால் டிப், நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வட்டைக்குள் (வயலுக்குள்) இருந்து வெளியே வரும்போது வண்டி இழுக்காவிட்டால் 'டிப் ரேசியோ சரியில்லை'. மூன்றும் வெவ்வேறு உறுப்புகளின் வேலை. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் ஒயில் ஒழுகாமல் தடுக்கிற வளையமான 'சீல்' ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் முழு டிப்பையும் வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், பழைய லாண்ட் ரோவர்காரர்கள் குறிப்பாக.

சொல்லின் மூலம் இலத்தீன். 'டிஃபெர்ரே' என்ற வினை, பிரித்து வேறு வேறாகக் கொண்டுபோதல் என்று பொருள். அதிலிருந்து ஆங்கிலத்தில் வேறுபாட்டைக் குறிக்கும் சொல் வந்தது, பிறகு கணிதத்துக்குள் ஒரு கிளை, இயந்திரத்துக்குள் ஒரு கிளை. வண்டிக்கு இதைப் பொருத்திக் காப்புரிமை எடுத்தவர் பிரான்சு நாட்டு மணிக்கூட்டுக்காரர் ஒனேசிபோர் பெக்கேர், 1820களின் கடைசியில், நீராவி வண்டி ஒன்றுக்காக. பெற்றோல் கார் பிறக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த காலம் அது.

வேலை இதுதான். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லு குறைவாக. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒன்று இழுபடும், டயர் தேயும், தண்டு முறியும். உருண்டைக்குள் இருக்கிற சின்னச் சின்னக் கூம்புப் பற்சில்லுகள்தான் அந்த வேக வேறுபாட்டுக்கு இடம் கொடுப்பவை. கண்டிப்பாகப் பார்த்தால் டிபரன்சல் என்ற பெயர் அவற்றுக்கு மட்டும்தான் உரியது.

தமிழில் சிலர் இதை 'வகையீட்டுப் பற்சில்லு' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. வகையீடு நாங்கள் உயர்தரத்தில் கணிதத்துக்குப் படித்த சொல், சில்லுகளின் வேக வேறுபாட்டோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. 'வேறுபாட்டுப் பற்சில்லு' நேர்ப்பொருள் தருகிறது, கேட்டவுடன் விளங்குகிறது. தமிழ்நாட்டில் பற்சக்கரம் என்பார்கள், எங்களுக்குச் சில்லுதான் வாயில் வரும்.

முழு உருண்டைக்கும் இந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. உருண்டையும் இரண்டு பக்கக் குழாய்களும் சேர்ந்தது 'அச்சு'. வண்டில்காரர்கள் விட்டுப்போன பழைய சொல், குறளிலேயே இருக்கிறது: 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (475). மயிலிறகேயானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்கிறார், ஓவர்லோட் பற்றி இதைவிட என்ன சொல்ல. வடமொழியில் 'அட்ச', இலத்தீனில் 'ஆக்சிஸ்', ஆங்கிலத்தில் 'ஆக்சில்' எல்லாம் ஒரே குடும்பம், நம்முடைய அச்சுக்கும் வடமொழிச் சொல்லுக்கும் உறவு சொல்வார்கள். சில்லின் நடுப்பகுதியான ஹப்புக்கும் வண்டிலில் இருந்தே பெயர் உண்டு, 'குடம்'. தேடி அலைய வேண்டியதில்லை.

சரி, ரேசியோ. 'டிபரன்சல் ரேசியோ' என்று நாங்கள் சொல்வது டிபரன்சலின் விகிதமே இல்லை. எஞ்சின் பக்கம் இருந்து வரும் ப்ரொப்பெலர் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சில்லு, பினியன். அது திருப்புகிற பெரிய பற்சில்லு கிரவுன். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதுதான் ரேசியோ. 'இறுதிப் பல்விகிதம்' என்று சொல்லலாம், எஞ்சினிலிருந்து சில்லு வரையான பாதையில் கடைசியாக வேகம் குறைகிற இடம் அது. லாண்ட் ரோவர் சீரீஸ் 2, சீரீஸ் 3 வண்டிகளில் 47 பல்லும் 10 பல்லும், அதாவது 4.7. ரேஞ்ச் ரோவரிலும் பிறகு வந்த டிபெண்டரிலும் 3.54. ரோவர் அச்சின் நடுப்பகுதியைக் கழற்றி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிப் போடலாம் என்பதால், பழைய சீரீஸுக்குள் 3.54 இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தார் ரோட்டில் வேகம் வேண்டும் என்று முன்பு யாரோ போட்டிருப்பார்கள். ஒரே எஞ்சின் சுற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட வேகம் கிடைக்கும், பதிலுக்கு இழுவையில் கால்வாசி போகும். வேக மீற்றர் அச்சிலிருந்து இல்லாமல் முன்னாலுள்ள கியர்ப் பெட்டிப் பக்கமிருந்து ஓடுவதால் அதுவும் பொய் சொல்லும்: 60 காட்டும்போது உண்மையில் 80 அளவில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

ரேசியோவைக் கழற்றாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இரண்டு கியர் லீவரையும் நியூட்ரலில் விட்டு, நிலத்தில் இருக்கப்போகிற சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தில் ஒரு சில்லை மட்டும் ஜெக் அடித்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கட்டாயம் விட வேண்டும், ஏனென்றால் லாண்ட் ரோவரில் அது சில்லைப் பிடிக்காது, ப்ரொப்பெலர் தண்டைத்தான் பிடிக்கும், கட்டை வைக்காமல் விட்டால் வண்டி உருளும். தண்டிலும் டயரிலும் வெண்கட்டியால் கோடு போட்டு, தூக்கிய சில்லைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றி, தண்டு எத்தனை தரம் சுற்றியது என்று எண்ணுங்கள். நாலரைக்குக் கொஞ்சம் மேலே என்றால் 4.7, மூன்றரையென்றால் 3.54. ஏன் இரண்டு சுற்று? மற்றச் சில்லு நிலத்தில் நிற்பதால் வேறுபாட்டுப் பற்சில்லு அந்த இரண்டு சுற்றை கிரவுனுக்கு ஒரு சுற்றாகத்தான் கொடுக்கும். டிபரன்சல் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் கண்ணால் பார்க்கக் கிடைக்காது.

முன் அச்சையும் இப்படியே பார்க்க வேண்டும், முன் சில்லுகளில் ப்ரீவீல் ஹப் (சில்லை அச்சுத் தண்டிலிருந்து பிரித்துவிடுகிற பூட்டு) இருந்தால் பூட்டிவிட்டு. முன்னுக்கு 4.7, பின்னுக்கு 3.54 என்று கிடக்கிற சீரீஸை நாலு சில்லு ஓட்டத்தில் போட்டுத் தார் ரோட்டில் கொண்டுபோனால் எங்காவது ஏதாவது முறியும். ஜப்பான் வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் அறைத் தகட்டில் அச்சுக் குறியீடு பொறித்திருக்கும், ஆனால் தகடு சொல்வது கம்பனியிலிருந்து வந்த அன்று இருந்த கதையை.

ஒழுக்குக்கு வருவோம். அச்சுக்குள் இருப்பது கியர் ஒயில், பெரும்பாலும் ஈபி 90. கந்தக நாற்றம் அடிக்கும், விரலில் தொட்டு மணந்தாலே பிடிபடும். எஞ்சின் ஒயில் கறுப்பு, பிரேக் ஒயில் மெல்லியது, நாற்றம் குறைவு, பெயின்டைத் தின்னும். சில்லின் உள்பக்கம் நனைந்திருந்தால் முதலில் இதைத்தான் பிரித்தறிய வேண்டும். கியர் ஒயில் என்றால் குடத்துச் சீல், பிரேக் ஒயில் என்றால் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர். எதுவானாலும் பிரேக் சூ ஊறிப்போயிருந்தால் பெற்றோலில் கழுவித் திரும்பப் போடுகிற வேலை வேண்டாம், புதிதாகவே போடுங்கள்.

உருண்டையின் மூக்கில், அதாவது ப்ரொப்பெலர் தண்டு வந்து பொருந்துகிற இடத்தில், ஒழுகினால் பினியன் சீல். தண்டு சுற்றி வீசுவதால் மேலே தரைத் தகட்டில் நேர்கோடாக ஒயில் தெறித்திருக்கும், அதுதான் அடையாளம். ஆனால் சீலை வாங்குவதற்கு முன்பு அச்சுக் குழாயின் மேலிருக்கிற சின்னப் பிரீதரை (காற்று போய்வருகிற துளை மூடி) கழற்றி ஊதிப் பாருங்கள். அச்சு சூடாகும்போது உள்ளே காற்று விரிகிறது, பிரீதர் சேற்றில் அடைபட்டிருந்தால் அந்த அழுத்தம் சீலைத் தாண்டி ஒயிலை வெளியே தள்ளும். "மனே, சீல மாத்தி என்ன, பிரீதர் அடைச்சிக் கிடந்தா நாளைக்கும் ஒழுகும்" என்று இங்கே மூத்த மெக்கானிக்மார் சொல்வது சும்மா இல்லை. மாரியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வெள்ளத்துக்குள் இறக்கினால் இதே கதை மறுபுறமாக நடக்கும்: சூடான அச்சு சட்டென்று குளிர்ந்து உள்ளே உறிஞ்சும், தண்ணீர் போகும். கீழ் நட்டைத் திறக்கும்போது ஒயில் பால்தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் முழுவதையும் இறக்கி மாற்ற வேண்டும். ரோவர் அச்சுக்குச் சுமார் 1.7 லீட்டர், பக்கத்து ஓட்டையால் வழியும் வரை.

பிரீதர் சரி, ஒயில் அளவும் சரி, புதுச் சீலும் போட்டாயிற்று, இன்னும் மூக்கில் நனைகிறது என்றால் பினியன் பிளேஞ்சை (ப்ரொப்பெலர் தண்டு பூட்டப்படுகிற துண்டு) கழற்றி, சீல் உரசுகிற இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் எந்தச் சீலும் அங்கே நிற்காது, மெல்லிய உருக்குச் சிலீவ் (உறை) ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேறு பிளேஞ்ச். நட்டைக் கழற்றுமுன் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று குத்தி அடையாளம் வையுங்கள். சில அச்சுகளில் உள்ளே நசுங்குகிற வளையம் இருக்கும், கூட இறுக்கினால் பெயரிங் இறுகி, ஒழுக்குக்குப் பதிலாக ஊளைச் சத்தம் தொடங்கும்.