கிளஸ்டர் ஏன் உங்களிடம் பாஸ்வேர்ட் கேட்பதில்லை?

லினக்ஸ் கிளஸ்டர் ஒன்றுக்குள், அதாவது சேர்ந்து வேலை செய்யப் பிணைத்த கணினிக் கூட்டத்துக்குள், லொகின் பண்ணி எஸ்பேட்ச் என்ற கட்டளையை அடித்தால் உங்கள் வேலை வரிசையில் போய் நிற்கும். கொஞ்ச நேரத்தில் நீங்கள் கையே வைக்காத வேறொரு இயந்திரத்தில், உங்கள் பெயரிலேயே, உங்கள் கோப்புகளைத் திறந்து எழுதும் உரிமையோடு அது ஓடத் தொடங்கிவிடும். இடையில் எவரும் பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் இன்னார் என்று அந்த இயந்திரத்துக்கு யார் சொன்னது?

சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றில்லை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ ஒரு பல்கலைக்கழகத் துறை, ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட பிசிகள் எட்டைச் சேர்த்து, ஒன்றில் மட்டும் நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் போட்டு, வேலைகளை வரிசைப்படுத்திப் பங்கிடும் ஸ்லர்ம் என்ற ஷெடியூலரை நிறுவினால் அதுவும் கிளஸ்டர்தான். நெல் இலைப் படங்களில் நோய் கண்டுபிடிக்க ஒரு மாணவி மொடல் ஒன்றைப் பழக்குவார், முகத்துவாரம் திறந்தால் வாவித் தண்ணீரின் உப்பு எவ்வளவு ஏறும் என்று இன்னொருவர் கணக்குப் போடுவார், இரண்டு பேருக்கும் அந்த ஒரு கார்ட்தான் வேண்டும். ஸ்லர்ம் அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில் 2000களின் தொடக்கத்தில் உருவான இலவச மென்பொருள். 2010 இல் அதன் ஆக்கத்தில் இருந்தவர்கள் ஸ்கெட்எம்டி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள், இப்போது அதைப் பராமரிப்பது அந்த நிறுவனம். உலகின் மிகப் பெரிய கணினிகள் பலவற்றில் ஓடுவதும் நம்ம எட்டுப் பிசியில் ஓடுவதும் அதே நிரல்தான், அதே வகை அமைப்புக் கோப்புதான்.

ஷெடியூலர் பார்க்கிற வேலையை நம்ம பக்கத்தில் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை பார்க்கிறார். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் காணாது. வாய்க்காலில் நிற்கிறவர் அந்தக் காணிக்காரர்தானா என்பது ஒரு கேள்வி, போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் அவருக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று முடிவானது என்பது வேறொரு கேள்வி. ஸ்லர்மிலும் இந்த இரண்டும் தனித்தனி இடத்தில், தனித்தனிக் கருவிகளால் பார்க்கப்படுகின்றன. முதலாவதை ஒழுங்காகப் போட்டுவிட்டு இரண்டாவதும் தானாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

முதலாவதை எடுப்போம். கிளஸ்டரில் உள்ள ஒவ்வொரு இயந்திரமும் ஒரு நோட். பயனர்கள் முதலில் வந்து சேரும் லொகின் நோட்டுக்குள் நீங்கள் நுழைவதைப் பார்ப்பது, தூரத்திலிருந்து லொகின் பண்ண உதவும் எஸ்எஸ்எச். அதில் ஸ்லர்முக்கு எந்தப் பங்கும் இல்லை. 2020 மே மாதம் எடின்பரோவில் இருந்த ஆர்ச்சர் சூப்பர் கம்ப்யூட்டரும் ஜெர்மனியில் இருந்த பலவும் இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டபோது, உள்ளே வந்தவர்கள் ஷெடியூலரை உடைத்து வரவில்லை, ஆராய்ச்சியாளர்களிடமிருந்து களவாடிய எஸ்எஸ்எச் கணக்குகளோடு வாசலாலேயே வந்தார்கள். உள்ளே வந்த பிறகுதான் மஞ்ஜ் என்ற சின்ன நிரலின் வேலை தொடங்குகிறது. அதுவும் லிவர்மோரில் எழுதப்பட்டதுதான்.

மஞ்ஜ் எல்லா இயந்திரத்திலும் பின்னணியில் ஒரு டீமனாக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் எஸ்பேட்ச் அடித்ததும் அந்தக் கட்டளை, அதே இயந்திரத்தில் உள்ள மஞ்ஜ் டீமனிடம் யுனிக்ஸ் சாக்கெட் (ஒரே இயந்திரத்தில் உள்ள நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் போய் ஒரு சான்று கேட்கும். டீமன் ‘நீ யார்’ என்று கட்டளையிடம் கேட்பதில்லை, கேட்டால் அது எதையும் சொல்லலாம். இந்தச் சாக்கெட்டின் மறுமுனையில் நிற்கிற நிரல் எந்தப் பயனருடையது என்று லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிடம் கேட்கிறது. கேர்னல் பொய் சொல்லாது, ஏனென்றால் அந்த நிரலைத் தொடக்கிவிட்டதே அதுதான். கேர்னல் கொடுத்த பயனர் எண், குழு எண், எந்த இயந்திரம், எந்த நொடி, எத்தனை நொடிக்குச் செல்லும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, ஒரு இரகசியச் சாவியால் குறியாக்கம் செய்து, யாரும் இடையில் மாற்றினால் தெரிகிற மாதிரி முத்திரையும் வைத்து ஒரு நீண்ட எழுத்துச் சரமாகத் திருப்பிக் கொடுக்கும். எஸ்பேட்ச் அதைத் தன் செய்தியோடு ஒட்டி, ஸ்லர்மின் தலைமை டீமனுக்கு 6817 என்ற போர்ட்டுக்கு அனுப்பும். அங்கே உள்ள மஞ்ஜ் அதே சாவியால் பிரித்துப் பார்த்து, ‘இதை அனுப்பியவர் 1004 ஆம் எண் பயனர்’ என்று சொல்லும். அவ்வளவுதான். உங்கள் பாஸ்வேர்ட் இந்தப் பாதையில் எங்கேயும் பயணிக்கவில்லை. ஒரு இயந்திரத்தில் பிரித்த சான்றை அங்கேயே இரண்டாம் தடவை கொண்டுபோனால் டீமன் மறுத்துவிடும், ஆயுள் முடியும்வரை அது நினைவில் வைத்திருக்கும். அதனால் நெட்வேர்க்கில் ஒளிந்திருந்து பிடித்துத் திருப்பி அனுப்புகிறவருக்கும் பெரிதாகப் பயன் இல்லை.

இதில் எல்லாப் பாரமும் அந்தச் சாவியின் மேல். எல்லா நோட்டிலும் அது ஒன்றேதான், மஞ்ஜ் என்ற பயனருக்கு மட்டும் வாசிக்க முடிகிற கோப்பாக இருக்க வேண்டும், குழுவுக்கோ மற்றவர்களுக்கோ திறந்துவிட்டிருந்தால் டீமன் தொடங்கவே மறுக்கும் (நல்ல பிடிவாதம்). சாவி கையில் கிடைத்தவர் எந்த எண்ணுக்கும் சான்று செய்யலாம், எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியான றூட்டின் எண், பூச்சியத்துக்கும் சேர்த்து. ஆகவே ஒரு நோட்டில் றூட் உரிமை உள்ளவருக்கு நடைமுறையில் முழுக் கிளஸ்டரிலும் றூட் உரிமை உண்டு. ஆய்வுகூடத்தில் மாணவர்கள் தாங்களே சூடோ அடித்து, அதாவது றூட் உரிமையோடு, நிரல்கள் நிறுவுகிற பிசி ஒன்றை, ‘இங்கிருந்தும் வேலை அனுப்ப வசதியாக இருக்கட்டும்’ என்று சாவி வைத்துக் கிளஸ்டரோடு இணைத்துவிட்டால் கதை முடிந்தது. வசதி என்றால் அவர்கள் லொகின் நோட்டுக்கு எஸ்எஸ்எச் பண்ணி வரட்டும்.

சாவிக்கு அடுத்தபடியாக ஆட்களைப் படுத்துவது மணிக்கூடு. சான்றின் ஆயுள் வழக்கமாக 300 நொடி, அதாவது 5 நிமிடம். இரண்டு இயந்திரங்களின் நேரமும் அதற்கு மேல் விலகினால் சாவி சரியாக இருந்தும் சான்று செல்லாது. நம்ம பக்கம் கரண்ட் போய் வருவது புதினமில்லை, பழைய பிசியின் போர்டில் இருக்கும் காசு மாதிரியான பெற்றரி செத்திருந்தால் கரண்ட் வந்து பூட் ஆகும்போது அது ஏதோ ஒரு பழைய வருடத்தில் எழும்பும். இன்னொரு வகையும் உண்டு, கண்டுபிடிக்கக் கொஞ்சம் கஷ்டம். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்துப் போட்ட பிசியில், விண்டோஸ் போர்டின் மணிக்கூட்டில் இலங்கை நேரத்தை எழுதிவைக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று வாசிக்கும். நெட்வேர்க்கில் நேரம் திருத்திக்கொள்ளும்வரை அந்த நோட் சரியாக 5½ மணித்தியாலம், அதாவது 19,800 நொடி, முன்னுக்கு நிற்கும். அதிலிருந்து புறப்படும் சான்று மற்றவர்களுக்கு எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தெரியும், மற்றவர்கள் அனுப்புவது அதற்குக் காலாவதியானதாகத் தெரியும். லொக் கோப்பில் ஒரு பக்கம் ‘ரீவவுண்ட்’, மறுபக்கம் ‘எக்ஸ்பயர்ட்’ என்று வந்தால் சாவியைத் தோண்டாமல் நேரத்தைப் பாருங்கள். நேர வலயத்தை மாற்றிப் பார்ப்பதும் வீண்வேலை, மஞ்ஜ் கணக்குப் பார்ப்பது வலயம் இல்லாத நொடிக் கணக்கில். எல்லா நோட்டிலும் நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி மாதிரி நிரல் ஒன்றைப் போட்டு, தலைமை நோட்டையே நேரத்துக்கு வழிகாட்டியாக வைத்துவிட்டால் இணையம் இல்லாத நேரத்திலும் எல்லாரும் ஒத்திருப்பார்கள். உலக நேரத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை, தங்களுக்குள் ஒத்துப்போனால் போதும்.

மஞ்ஜ் காவிச்செல்வது எண் மட்டும்தான், பெயர் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். லொகின் நோட்டில் 1004 தாவரவியல் மாணவி, மூன்றாம் நோட்டில் 1004 வேறு யாரோ என்றால், மாணவியின் வேலை அந்த வேறு யாரோவாகத்தான் அங்கே ஓடும். கணக்குகளை ஒவ்வொரு பிசியிலும் கையால் திறந்தால் இது என்றோ ஒரு நாள் நடக்கும். கணக்குகளை ஒரே இடத்தில் வைத்து எல்லா நோட்டுக்கும் கொடுக்கும் எல்டாப் போடலாம், எட்டு நோட்டுக்கு அது அதிகம் என்றால் ஒரே பயனர் கோப்பை எல்லாவற்றுக்கும் நகலெடுத்தாலும் சரி.

வேலையைத் தொடங்கும்போது இன்னொரு சரிபார்ப்பும் நடக்கிறது. தலைமை டீமன், ‘இந்த வேலை, இந்தப் பயனர், இந்த நோட்டுகள்’ என்று முத்திரையிட்ட ஒரு சீட்டைக் கொடுக்கும். நோட்டில் ஓடும் டீமன் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்கும். நோட்டு டீமன் றூட்டாக ஓடியாக வேண்டும், இல்லையென்றால் வேறொரு பயனராக மாற ஏலாது. தலைமை டீமனோ வழக்கமாக ஸ்லர்ம் என்ற சாதாரணப் பயனராக ஓடுகிறது, ஆனால் அந்தப் பயனர் சொல்வதை றூட்கள் எல்லாம் கேட்கின்றன. 2022 மே மாதம் வெளியான ஒரு குறைபாடு இந்த இடத்தைத்தான் தொட்டது: சான்றுகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டையால் சாதாரணப் பயனர் ஒருவர் ஸ்லர்ம் பயனராக நடிக்க முடிந்தது, அதிலிருந்து றூட்டுக்கு ஒரே எட்டு. அதற்கான திருத்தத்தோடு, செய்தியின் உள்ளடக்கத்தின் ஹாஷையும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறிவிடும் சுருக்கக் குறி) சான்றுக்குள் வைத்துக் கட்டும் பழக்கம் வந்தது. ஒருவரின் சான்றைக் கழற்றி வேறொரு செய்தியில் ஒட்டுவதைத் தடுப்பதே அதன் நோக்கம்.

மஞ்ஜ் இல்லாமலும் முடியும். 23.11 பதிப்பிலிருந்து ஸ்லர்முக்குத் தன் சொந்தச் சாவி முறை உண்டு. வலைப்பக்கம் வழியாக வேலை அனுப்ப வேண்டுமென்றால் ஜேடபிள்யூடி டோக்கன் (நீங்கள் இன்னார் என்று முத்திரையிட்ட எழுத்துச் சரம்) வேண்டும், அதற்கு இயல்பான ஆயுள் 1800 நொடி. டோக்கன் முறையில் கேர்னலின் சாட்சி கிடையாது. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள். வசதிக்காக ஒரு வருட ஆயுளோடு டோக்கன் எடுத்து வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்புகிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

மறுகா அனுமதி. நிறையப் பேருக்குத் தெரியாதது, ஸ்லர்மை அப்படியே நிறுவினால், யாருக்கு எவ்வளவு என்ற இரண்டாம் கேள்வியை அது கேட்பதே இல்லை. சான்று சரியாக இருக்கிற எவரும் எவ்வளவும் கேட்கலாம். கணக்குத் தரவுத்தளம் ஒன்றை வைத்து, எஸ்அக்ட்மேனேஜர் கட்டளையால் துறைக்கு ஒரு கணக்கு, அதன் கீழ் மாணவர்கள், இவருக்கு ஒரே நேரத்தில் இத்தனை வேலை, இத்தனை சிபியு என்று அழகாக எழுதிவைத்தாலும், அமைப்புக் கோப்பில் ‘அக்கவுன்டிங் ஸ்டோரேஜ் என்ஃபோர்ஸ்’ என்ற வரியில் ‘லிமிட்ஸ்’ என்று போடும்வரை அதெல்லாம் வெறும் எழுத்து. கியூஓஎஸ் விதிகளும் (வேலைகளை வகைப்படுத்தி முன்னுரிமையும் வரம்பும் வைப்பவை) வேண்டுமென்றால் அதையும் அந்த வரியில் சேர்க்க வேண்டும். அதோடு ‘சேஃப்’ என்றும் சேர்த்தால், கணக்கில் மிச்சமிருக்கும் நிமிடங்களுக்குள் முடிக்க முடியாத வேலையை அது தொடங்கவே தொடங்காது. பாதி ஓடி நடுவில் வெட்டப்படுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பகிர்வுகளுக்கும், அதாவது பார்ட்டிஷன்களுக்கும், தனிப் பூட்டு உண்டு. கார்ட் உள்ள நோட்டை ஒரு பார்ட்டிஷனாக்கி, இன்ன கணக்குகளுக்கு அல்லது இன்ன லினக்ஸ் குழுவுக்கு மட்டும் என்று எழுதலாம். குழு வழியாகப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: தலைமை டீமன் குழுப் பட்டியலை 600 நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும், ஆகவே இப்போது சேர்த்த பொடியன் இப்போதே போய் ‘எனக்கு வேலை செய்யவில்லை’ என்று வந்து நிற்பான். பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்த வசதி ஒருங்கிணைப்பாளர் பதவி. ஒரு விரிவுரையாளரைத் தன் துறைக் கணக்குக்கு ஒருங்கிணைப்பாளராக்கிவிட்டால், தன் மாணவர்களைச் சேர்ப்பதும் அவர்களுக்குள் பங்கிடுவதும் அவர் பாடு, மற்றத் துறைக் கணக்கைத் தொட முடியாது. றூட் பாஸ்வேர்டை ஐந்து பேருக்குக் கொடுத்துவைப்பதைவிட இது ஆயிரம் மடங்கு நல்லது. யார் என்ன வேலை ஓட்டுகிறார் என்பது இயல்பில் எல்லாருக்கும் தெரியும், மறைக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வரி உண்டு. எட்டுப் பிசிக்கு நான் மறைக்கமாட்டேன், எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஆட்கள் கொஞ்சம் அடக்கமாக இருப்பார்கள்.

இவ்வளவும் போட்ட பிறகும் பின்வாசல் இரண்டு மிச்சம். வரிசையில் நிற்காமல் நேரே கார்ட் நோட்டுக்கு எஸ்எஸ்எச் பண்ணிப் போய் நிரலை ஓட்டினால் ஷெடியூலருக்குத் தெரியாது. இதைப் பாம் ஸ்லர்ம் அடொப்ட் என்ற செருகி தடுக்கும். அந்த நோட்டில் உங்களுக்கு ஓடுகிற வேலை இருந்தால்தான் உள்ளே விடும், விட்ட பிறகும் உங்களை அந்த வேலையின் எல்லைக்குள்ளேயே அடைத்துவைக்கும். மற்றது, ஒரே நோட்டில் இரண்டு கார்ட் இருக்கும்போது, உங்களுக்கு எது என்று ஸ்லர்ம் ஒரு சூழல் மாறியில் எழுதிவைப்பதோடு நிறுத்திக்கொண்டால், நீங்கள் அதை மாற்றி எழுதி மற்றதையும் பிடிக்கலாம். நிரல்களுக்கு எல்லை போடும் கேர்னல் வசதியான சீகுரூப் வழியாகச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பைப் போட்டால் மற்றக் கார்ட் கேர்னல் மட்டத்திலேயே அடைபட்டுவிடும்.

வேலை போகவில்லை என்று யாராவது வந்தால் முதலில் பிழைச் செய்தியைக் கேளுங்கள். ‘புரோட்டோகோல் ஒதென்டிகேஷன் எரர்’ என்றால் ஆள் யார் என்பதிலேயே தடங்கல்: நேரம், சாவி, டீமன் ஓடுகிறதா என்று இந்த ஒழுங்கில் பாருங்கள். இந்த நோட்டில் செய்த சான்றை எஸ்எஸ்எச் வழியாக அந்த நோட்டில் பிரித்துப் பார்க்க ஒரு வரிக் கட்டளை போதும். ‘இன்வலிட் அக்கவுன்ட்’ என்று தொடங்கினால் ஆளைத் தெரிகிறது, தரவுத்தளத்தில் அவருக்கு அந்தக் கணக்கிலோ அந்தப் பார்ட்டிஷனிலோ இடம் இல்லை. வேலை வரிசையில் நின்றுகொண்டு, காரணப் பத்தியில் ‘அசோக்’ (பயனரைக் கணக்கோடு இணைக்கும் பதிவு) என்றோ ‘கியூஓஎஸ்’ என்றோ தொடங்கும் ஒரு சொல் காட்டினால் ஆளும் சரி, இடமும் சரி, பங்குதான் தீர்ந்துபோயிருக்கிறது. அதற்கு மஞ்ஜை ரீஸ்டார்ட் பண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஒருங்கிணைப்பாளரிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.