ஆரஞ்சுத் தோலுக்கும் ஒழுகலுக்கும் நடுவே

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுப் பட்டறையில் புதுப்பிப்பவருக்கு, நிறத்தைத் தொடுவதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி கழிந்துவிடும். துருவைச் சுரண்ட வேண்டும், டிங்கரிங் பார்க்க வேண்டும், பட்டி பூச வேண்டும், பிரைமர் அடித்துத் தேய்க்க வேண்டும். பிரைமர்மேல் கறுப்புப் பெயிண்ட்டை லேசாகத் தூவி, நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் பள்ளங்களில் மட்டும் கறுப்பு தங்கும். கண்ணுக்குத் தப்பிய நெளிவும் அதில் அகப்பட்டுவிடும். இதெல்லாம் மாதக்கணக்கில் நடக்கிற வேலை. ஆனால் நிறத்துக்கு மேலே வரும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு வழவழப்பாக அமையுமா என்பது, அது ஈரமாகக் கிடக்கும் சில நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

ஸ்ப்ரே கன்னிலிருந்து பெயிண்ட் துளித்துளியாகத்தான் வந்து விழுகிறது. விழுந்த கணத்தில் பரப்பெங்கும் மேடும் பள்ளமும்தான். எந்தத் திரவமும் பரப்பு இழுவிசையால் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். தட்டையான பரப்பே ஆகச் சிறியது என்பதால் மேடுகள் இறங்கிப் பள்ளங்கள் நிரம்புகின்றன. திரவத்தின் பாகுத்தன்மை இந்த ஓட்டத்தைத் தடுக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் இந்த இழுபறியைச் சமன்பாடாக எழுதினார். அதன்படி, பூச்சின் தடிமன் இரட்டித்தால் நெளிவு சமமாகும் வேகம் 8 மடங்காகும். நெளிவின் அகலம் இரட்டித்தாலோ அது சமமாக 16 மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே பொடி நெளிவுகள் சட்டென்று மறைந்துவிட, சில மில்லிமீட்டர் அகலமுள்ளவை அப்படியே இறுகிப்போகின்றன. பெயிண்டர்கள் ஆரஞ்சுத் தோல் என்று சலித்துக்கொள்வது இதைத்தான்.

அப்படியானால் தடிமனாகவே அடித்துவிடலாமே? கதவு செங்குத்தாக நிற்கிறது. புவியீர்ப்பால் வடியும் பெயிண்ட்டின் அளவும் தடிமனின் மும்மடியைப் பொறுத்ததே. தடிமன் இரட்டித்தால் ஒழுகலும் 8 மடங்கு. தோலைச் சமப்படுத்தும் அதே தடிமன்தான் பெயிண்ட்டை ஒழுகவும் வைக்கிறது. பானெட்டையும் கதவுகளையும் கழற்றிக் கிடையாகப் போட்டு அடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. வீட்டில் வேலை செய்பவருக்கு என் முதல் பரிந்துரை அதுதான். மெட்டாலிக் நிறமென்றால் மட்டும் கவனம் தேவை. அதிலுள்ள அலுமினியச் செதில்கள், பூச்சு உலர்ந்து சுருங்கும்போது படுத்துக்கொள்கின்றன. ஒரு பகுதியில் ஈரம் அதிகமாகி அவை தாறுமாறாக நின்றுவிட்டால், பக்கத்துப் பகுதியோடு நிறம் ஒத்துப்போகாது.

ஈரமாகக் கிடக்கும் அந்த நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் தின்னர். வெப்பத்தில் வேகமான தின்னர் கலந்தால் துளிகள் பரவுவதற்குள் உலர்ந்துவிடும். குளிரில் மெதுவானதைக் கலந்தால் ஒழுகும். முந்தைய பூச்சு ஆறுவதற்குள் அடுத்ததை அடித்தால் மேல்தோல் மூடிக்கொண்டு, உள்ளே சிக்கிய தின்னர் ஊசித்துளைகள் போட்டு வெளியேறும். பழைய காரில் இன்னொரு வில்லனும் உண்டு: எப்போதோ தேய்த்த பாலிஷின் சிலிகான். அது ஒட்டியிருக்கும் புள்ளியில் பரப்பு இழுவிசை குறைவு. சுற்றியுள்ள பெயிண்ட், இழுவிசை கூடிய பக்கமாக விலகி ஓட, நடுவில் மீன்கண் மாதிரி வட்டக் குழி விழும். உப்புத்தாள் போடும் முன்பே கிரீஸ் நீக்கியால் துடைக்கச் சொல்வது இதனால்தான். தேய்த்த பிறகு துடைத்தால் சிலிகான் கீறல்களுக்குள் இறங்கியிருக்கும்.

காரில் இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1920-களில் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் டூப்பாண்ட் நிறுவனத்தின் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் வந்தபோது, வாரக்கணக்கில் இழுத்த வேலை பெருமளவு சுருங்கியது. அது தின்னர் ஆவியாவதால் மட்டுமே உலர்வது; எத்தனை ஆண்டு கழித்தும் தின்னர் பட்டால் கரையும். கண்ணில் படாத மூலையில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள், நிறம் துணிக்கு வந்தால் அது அந்த வகையாக இருக்கக்கூடும். இன்றைய இரு பாகப் பெயிண்ட் வேறு. அதன் ஒரு பாகமான ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள், மற்ற பாகத்திலுள்ள பிசினோடு வினைபுரிந்து குறுக்குப் பிணைப்புகளால் வலையாக இறுகுகிறது. முழுதாக இறுகிய பின் தின்னர் அதைக் கரைப்பதில்லை.

அதே ஐசோசயனேட்டின் துளிகள் நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை உடலில் ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பிறகு அதைத் தூண்ட மிகச் சிறிய அளவே போதும். மணத்தை வைத்து எச்சரிக்கையாக இருக்கவும் முடியாது. மணம் தெரியும் முன்பே அளவு மீறியிருக்கும். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் தரும் முகமூடி இல்லையென்றால், மற்ற வேலையை வீட்டில் முடித்துவிட்டு கிளியர் கோட்டை மட்டும் முறையான ஸ்ப்ரே பூத்தில் அடிக்கக் கொடுப்பதே சரி.

மிஞ்சிய ஆரஞ்சுத் தோலை 1500, 2000, 3000 எண் தாள்களால் நீரூற்றித் தேய்த்து, பிறகு பாலிஷ் போடலாம். கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 50 மைக்ரான் அளவுதான்; புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது என்பதால் தாராளமாகச் சீவ முடியாது. கூரான விளிம்புகளில் இன்னும் மெல்லியது, பரப்பு இழுவிசை ஈரப் பெயிண்ட்டை அங்கிருந்து விலக்கி இழுத்திருக்கும். பாலிஷ் மெஷினைத் தொடுமுன் விளிம்புகளுக்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும்.