ஜெர்மன் ஸ்பேனரா அமெரிக்கன் ஸ்பேனரான்னு கேக்கறதுக்கு முன்னாடி போல்ட் தலையை அளந்து பாருங்க

போன ஆடி மாசம் சோமனூர் பக்கம் ஒரு ஏர்ஜெட் தறி ஷெட்டுல இருந்து நைட்டு பதினோரு மணிக்கு போன், நான் போய்ச் சேர்றதுக்குள்ள அங்க இருந்த ஃபிட்டர் தம்பி கையில துணியைச் சுத்திக்கிட்டு செவுத்தோரமா உக்காந்திருந்தான், ரெண்டு விரல் மொளியும் கிழிஞ்சு உள்ள எலும்புல விரிசல் வேற. ஜப்பான் தறி, எம்10 போல்ட், அதாவது தண்டு 10 மில்லி, தலை 14 மில்லி. தம்பி போட்டது உக்கடம் பழைய இரும்புக் கடையில எடைக்கு வாங்கின அமெரிக்கன் காம்பினேஷன் ஸ்பேனர். கண்ணாடி மாதிரி குரோம், கையில புடிச்சாலே தெரியும் நல்ல மால்னு. ஆனா அதுல குத்தியிருந்தது 9/16 இன்ச். கணக்குப் போட்டீங்கன்னா 14.29 மில்லி வருது, போல்ட் தலையோ 14-க்கு ஒரு துளி கம்மியாத்தான் எப்பவும் இருக்கும், அந்த இடைவெளியில வாய் மூலையை மட்டும் புடிச்சுது, முழு பலத்தோட தள்ளினான், மூலை மழுங்கி ஸ்பேனர் வழுக்கிருச்சு, கை நேரா பிரேம் விளிம்புல.

அந்த ஸ்பேனர் மேல ஒரு குத்தமும் இல்லீங்க, அதோட சைஸ் போல்ட்டுல போட்டிருந்தா நம்ம ஆயுசுக்கும் ஒழைக்கற சாமான் அது.

இதை ஏன் சொல்றேன்னா, இருவத்திரெண்டு வருசமா மில்லு மெயின்டனன்ஸ், தறி, போர் போடற ரிக்கு வண்டின்னு சுத்திக்கிட்டிருக்கேன், கடையில பசங்க என்கிட்ட கேக்கறது எப்பவும் ஒண்ணேதான், "ஏனுங்ணா, ஜெர்மன் வாங்கறதா அமெரிக்கா வாங்கறதா". எந்த மெஷினுக்குன்னு ஒருத்தனும் சொல்றதில்ல.

நம்ம கொங்கு ஏரியாவுல இருக்கற அளவுக்குக் கலப்படமா மெஷின் வேற எங்கயும் இருக்குமான்னு எனக்குத் தெரியல. எம்10 போல்ட்டையே எடுத்துக்கோங்க. டின் (DIN)னு சொல்ற பழைய ஜெர்மன் அளவு முறையில தலை 17. இப்போ வர்ற ஐரோப்பா மெஷின்ல ஐஎஸ்ஓங்கற சர்வதேச முறை, அதே எம்10-க்கு 16. ஜப்பான்காரன் 14 போடுவான். எம்12 போனா அதே வரிசையில 19, 18, 17. ஒரே ஷெட்டுல மூணும் நிக்கும். திருச்செங்கோடு பக்கம் போனா ரிக்கு வண்டியில பழைய அமெரிக்க கம்ப்ரஸர், அதுல முழுக்க இன்ச் போல்ட். கோயமுத்தூர்ல 1888-ல ஸ்டேன்ஸ் மில்லு வந்த காலத்துல இருந்து இங்கிலாந்து மெஷினும் ஓடுச்சு, அதெல்லாம் விட்வொர்த்துன்னு பழைய இங்கிலாந்து இன்ச் முறை, அந்த ஸ்பேனர்ல குத்தியிருக்கற நம்பர் போல்ட் தண்டோட அளவு, தலையோட அளவே இல்ல, இன்னும் சில பழைய மில்லு ஸ்டோர்ல அந்த ஸ்பேனர் கெடக்கும், எடுத்து மில்லி போல்ட்டுல போட்டுடாதீங்க.

3/4 இன்ச் 19.05, அதனால 19 மில்லிக்கு ஒத்துப்போகும். 5/16-ம் 8-ம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதைப் பாத்துட்டு எல்லாமே அப்படித்தான்னு நெனச்சுக்கறாங்க, அங்கதான் கையைக் கிழிச்சுக்கறாங்க. 1/2 இன்ச் 12.7, அந்த போல்ட்டுல 13 மில்லி ஸ்பேனர் போட்டா ஏறும், சுத்தவும் சுத்தும், இறுகிப் போன போல்ட்டுன்னா மூலை போயிரும்.

இப்போ தரத்துக்கு வர்றேன். ஜெர்மனியில கைக்கருவின்னா வுப்பர்டால், ரெம்ஷைட்னு பக்கத்துப் பக்கத்து ஊரு, நம்ம பீளமேடு கணபதியில பம்பு மாதிரி அங்க ஸ்பேனர். ஸ்டால்வில்லே 1862-ல ஆரம்பிச்சது, ஹாஸெட் 1868, கெடோர் 1919. பிரான்ஸ்ல ஃபேகாம் 1918. அமெரிக்காவுல ஸ்னாப் ஆன் 1920. ஒரு பக்கம் ரிங்கு, ஒரு பக்கம் வாய், ரெண்டும் ஒரே சைஸுன்னு இன்னிக்கு நாம புடிக்கற இந்த அமைப்பை 1933-ல கொண்டு வந்தது லாஸ் ஏஞ்சலீஸ்ல இருந்த ப்ளம்ப் கம்பெனின்னு சொல்வாங்க, அவங்கதான் பின்னாடி புரோட்டோ ஆனாங்க.

ரெண்டு ஊரு சாமானும் கையில புடிச்சா வித்தியாசம் ஒடனே தெரியும். ஜெர்மன் ஸ்பேனர் பெரும்பாலும் மங்கல் குரோம், எண்ணைக் கையில வழுக்காது, ரிங்கு சுவர் மெலிசு. தறி, ஸ்பின்னிங் பிரேம் மாதிரி இடுக்கு வேலைக்கு அந்த மெலிசுதான் உயிரு, ஒரு மில்லி தடிப்பு அதிகம்னா போல்ட்டுக்கும் பிரேமுக்கும் நடுவுல ரிங்கு எறங்காது, அப்போ வேற வழியில்லாம ஓப்பன் சைடுல, அதாவது வாய்ப் பக்கத்துல புடிப்போம், வழுக்கும். ஸ்டால்வில்லேல தண்டு ரெண்டு பக்கமும் குழிஞ்சு ரயில் தண்டவாளம் மாதிரி இருக்கும், வெயிட்டு கம்மி, ஆனா வளையாது. அமெரிக்க சாமான் பளபளன்னு பாலிஷ், தண்டு உருண்டையா உள்ளங்கைக்கு சுகமா இருக்கும், போல்ட்டோட இறுக்கத்தை உடைக்கறதுக்கு அது எனக்குப் புடிக்கும். தினமும் நூறு போல்ட் கழட்டறவனுக்கு அந்த சுகம் சின்ன விசயம் இல்லீங்க.

ரிங்குக்குள்ள பாருங்க. பழைய ரிங்கு மூலையில அழுத்தும், அதனாலதான் தலை ரவுண்டு ஆகுது. ஸ்னாப் ஆன் 1960-கள்ல ஃப்ளாங்க் டிரைவ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அழுத்தம் மூலைய விட்டு கொஞ்சம் தள்ளி தட்டைப் பக்கத்துல விழற மாதிரி உள்வடிவத்தை மாத்தினாங்க. இன்னிக்கு எல்லாருமே அதைச் செய்யறாங்க, ஃபேகாம்ல ஓஜிவி, கெடோர்ல யூடி, பேருதான் வேற. அதனால ரிங்குல நல்ல ஐரோப்பா கம்பெனிக்கும் நல்ல அமெரிக்க கம்பெனிக்கும் பெரிய சண்டை எதுவும் இல்ல. வாய்ப் பக்கம்தான் ஸ்னாப் ஆன் ஃப்ளாங்க் டிரைவ் பிளஸ் ஒரு படி மேல, தாடையில பல் வெட்டியிருக்கும், துருப்புடிச்ச போல்ட்டைக் கவ்விப் புடிக்கும். ஆனா அந்தப் பல்லு போல்ட்டுல தழும்பு விடும், பித்தளை நட்டு, ஹைட்ராலிக் குழாயைச் சேக்கற யூனியன் இதுலெல்லாம் நான் அதை விடமாட்டேன்.

பேரைப் பாத்து நாட்டை முடிவு பண்றதும் இப்போ நடக்காது. ஸ்வீடன் பாக்கோ 1999-ல இருந்து ஸ்னாப் ஆன் கையில, பிரெஞ்சு ஃபேகாம் 2006-ல இருந்து அமெரிக்க ஸ்டான்லி கையில, புரோட்டோவும் அங்கதான். குரோம் வனேடியம்னு குத்தியிருக்கறதும் ஒரு சேதியும் சொல்லாது, அதே இரும்பை சரியா பதம் வெக்கலைன்னா வாய் விரிஞ்சுக்கும், இல்ல பட்டுனு உடையும். "ஜெர்மன் டெக்னாலஜி"ன்னு அட்டையில போட்டு விக்கறதை வாங்கி ஏமாந்த பசங்களை நான் நெறையப் பாத்திருக்கேன், குரோம் பொரிஞ்சு பிளேடு மாதிரி நிக்கும், கையைக் கிழிக்கும், அப்படி உரிய ஆரம்பிச்ச ஸ்பேனரை அன்னிக்கே தூக்கிப் போடுங்க.

கடைக்குப் போறப்போ பாக்கெட்டுல ஒரு புது எம்8 போல்ட் கொண்டு போங்க, தலை 13. ஓப்பன் சைடைப் போட்டு லேசா ஆட்டுங்க, நல்ல ஸ்பேனர்னா துளி ஆட்டந்தான் இருக்கும், மலிவு மால் லொடலொடன்னு ஆடும். ரிங்கோட சுவர் சுத்தி ஒரே தடிப்பா இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க, ஒரு பக்கம் மெலிஞ்சிருந்தா வேண்டாம். செட்டுல 16-ம் 18-ம் இருக்கான்னு எண்ணிக்கோங்க, நெறைய செட்டுல அந்த ரெண்டையும் விட்டிருப்பாங்க, ஐரோப்பா மெஷினுக்கு அதுதான் வேணும்.

ஒரு ஸ்னாப் ஆன் ஸ்பேனர் காசுல நம்ம ஊர் செட்டே வாங்கிரலாம், அது எனக்கும் தெரியும், ஃபிட்டர் சம்பளம் எவ்ளோன்னும் தெரியும். அதனால பசங்களுக்கு நான் சொல்றது, முழு செட்டு டபாரியா மாதிரி நம்ம நாட்டு நல்ல கம்பெனியில வாங்கிட்டு, தினமும் கை வெக்கற 10, 13, 17, 19 மட்டும் ஒண்ணொண்ணா ஒசத்தி மால் சேத்துக்கோங்கன்னு.

எந்த நாட்டு ஸ்பேனரா இருந்தாலும் மொதல்ல ரிங்குல இறுக்கத்தை உடைங்க, லூஸ் ஆனப்புறம் ஓப்பன் சைடுல சுத்துங்க. வாய் 15 டிகிரி சாஞ்சிருக்கறது எதுக்குன்னா இடுக்குல திருப்பித் திருப்பிப் போட்டுச் சுத்தறதுக்கு, பலம் போடறதுக்கு இல்ல. நம்ம பக்கமா இழுங்க. தள்ளியே ஆகணும்னா விரலை மடக்காம உள்ளங்கையால தள்ளுங்க, வழுக்கினாலும் மொளி தப்பும். பைப் சொருகாதீங்க, சுத்தியல்ல அடிக்காதீங்க, அடிக்கறதுக்குன்னே தடிச்ச ஸ்பேனர் தனியா இருக்கு.

அந்தத் தம்பி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தான், வேலைக்கு வந்ததும் மொத வேலையா அவன் டூல் பெட்டியைக் கொட்டி வெர்னியர் வெச்சு ஒவ்வொண்ணா அளந்தோம். இன்ச் ஸ்பேனர் எல்லாத்துக்கும் தண்டுல சிவப்பு டேப்பு சுத்தினோம், மில்லிக்கு ஒண்ணும் இல்ல. 3/4-க்கு வேண்டாமுங்ணா, அது 19-க்கு சேருமேன்னான். அதுக்கும் சுத்துறான்னு சொல்லிட்டேன்.