கவர் வழுக்கினால் கார் திரும்பாது

கிளிநொச்சியில் கார், வான்களுக்குக் குஷன் வேலை செய்கிறேன். சீற் தைப்பதுதான் பிரதான வேலை என்றாலும், சில வருடங்களாக ஸ்ரேரிங்குக்கு லெதர் போடக் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தும் என்ன, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே வீட்டில் நிற்கிற தொண்ணூறுகளின் கொரோலாவுக்கும் நிசான் சனிக்கும் லான்சருக்கும் எஞ்சின் செய்து, பெயின்ற் அடித்து, இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்று சனம் முடிவெடுத்துவிட்டது. எல்லாம் முடித்து ஏறி உட்கார்ந்தால் கையில் படுவது உரிந்து பிசுபிசுத்துப் போன ஸ்ரேரிங்.

அப்போது அநேகம் பேர் செய்வது, கடையில் தொங்குகிற கவரில் ஒன்றை வாங்கி இழுத்து மாட்டிவிடுவதுதான். உள்ளே ஒரு றப்பர் வளையம், மேலே 'லெதர்' என்று அச்சடித்த ரெக்சின். மாட்ட இரண்டு நிமிடம் போதும். என்னை எழுத வைத்தது இந்தக் கவர்தான்.

மாட்டிய அன்று அது இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டாஷ்போர்ட் பக்கம் 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். அந்தச் சூட்டில் றப்பர் நாளடைவில் இளகிப் பிடிப்பை இழக்கும். போதாக்குறைக்குக் கை வியர்வை உள்ளே இறங்கி, பழைய அழுக்கோடு சேர்ந்து வழுவழுப்பாகப் படிந்துவிடும். பிறகு கவர் மெல்லச் சுழலத் தொடங்கும். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி நேராக ஓடுகிறவருக்கு இது மாதக்கணக்கில் தெரியாது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 இல், இரவில், நடுவீதியில் படுத்திருக்கிற மாடு லைற் வெளிச்சத்தில் திடீரென்று தெரியும்போதுதான் தெரியும். கை திரும்பும், கவரும் கையோடு திரும்பும், சில்லு திரும்பாது. 15 அங்குல ஸ்ரேரிங்கில் கவர் ஓர் அங்குலம் வழுக்கினால் ஏறக்குறைய 8 பாகைத் திருப்பம் காணாமல் போகிறது. மாட்டை விலத்துவதற்கு அந்த 8 பாகை தேவைப்படும்.

உங்கள் காரில் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். காரை நிறுத்தி, சாவியை எடுத்து, ஸ்ரேரிங் லொக் விழும்வரை திருப்புங்கள். பிறகு இரண்டு கையாலும் கவரைப் பிடித்து இரு பக்கமும் பலமாக முறுக்குங்கள். மயிரிழை அசைந்தாலும் கழற்றிவிடுங்கள். வெறும் ஸ்ரேரிங்கே அதைவிட நல்லது.

லெதரால் தீராத வருத்தமும் உண்டு. விசுவமடுவிலிருந்து ஒரு தம்பி லான்சரோடு வந்தார்.

“அண்ணை, நல்ல மொத்தமான லெதராப் பார்த்துப் போட்டுவிடுங்கோ. அறுபதுக்கு மேல போனா ஸ்ரேரிங் உதறுது.”

“தம்பி, லெதர் போட்டா உதறுறது உங்கட கைக்குத் தெரியாமப் போகுமே தவிர, உதறல் நிக்காது. முதல்ல கராச்சுக்குக் கொண்டுபோங்கோ.”

கொஞ்சம் முகம் சுருங்கித்தான் போனார். கராச்சில் பார்த்தபோது ரை ரொட் என்ட், அதாவது சில்லைத் திருப்புகிற தண்டின் முனை மூட்டு, ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, சில்லு பலன்ஸ் செய்த பிறகு வந்து லெதர் போட்டுக்கொண்டார். உதறல், இழுவை, திருப்பும்போது வருகிற தளர்வு எல்லாம் கீழே ஏதோ தேய்கிறது என்பதன் அறிகுறி. அதன்மேல் தோலைப் போட்டு மூடக் கூடாது.

அடுத்தது, கவருக்கு அடியில் இருக்கிற வளையம். எங்கள் பக்கம் இன்னும் ஓடுகிற மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் இதுதான் பெரிய வேலை. 1948 இல் வெளிவரத் தொடங்கிய மைனரும், 1952 தொடக்கம் 1954 வரை செய்த ஒஸ்ரின் சொமர்செற்றும் மெல்லிய, பெரிய ஸ்ரேரிங் கொண்டவை. உள்ளே உருக்குக் கம்பி, மேலே கடினமான பிளாஸ்ரிக் வார்ப்பு. ஆரக்கால் வளையத்தோடு சேருகிற இடத்தில்தான் முதலில் வெடிக்கும்.

யுத்தகாலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் சில இன்னும் நடமாடுகின்றன. காபரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். ஒறிஜினல் சாமான் எங்கே எடுப்பது? வெடித்த ஸ்ரேரிங்கில் சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டிச் சுற்றிவிட்டார்கள். அப்படிச் சுற்றிய சொமர்செற் ஒன்றின் ரியூப்பை அறுத்து எடுத்தபோது, கூடவே பிளாஸ்ரிக் துண்டு துண்டாகக் கழன்று மடியில் விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதிப்போயிருந்தது. வெளியிலிருந்து வெடித்ததல்ல, துரு உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி வெடிக்க வைத்திருக்கிறது. அதன்மேல் நேரே லெதர் போட்டிருந்தால் ஒரு மாரிக்குள் மறுபடி புடைத்திருக்கும்.

இப்படியானதற்கு வெடிப்பை இரும்பறுக்கிற வாளால் அகலக் கீறி, கம்பியின் துருவை வெள்ளை தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, எபொக்சி புட்டியால் நிரப்ப வேண்டும். ஒரு நாள் இறுகவிட்டு, 120 ஆம் இலக்க மண்கடதாசியிலும் பிறகு 240 இலும் தேய்த்து உருட்டவேண்டும். விரலை மூடிய கண்ணோடு ஓட்டிப் பார்த்தால் மேடு பள்ளம் தட்டக் கூடாது, லெதர் எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். கம்பியே வளைந்திருந்தாலோ ஆரக்காலின் ஒட்டு விட்டிருந்தாலோ புட்டிக்கு வேலையில்லை. கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லி, பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் வேறு ஸ்ரேரிங் தேடச் சொல்லுங்கள்.

யப்பான் கார்களில் வெடிப்புக் குறைவு, பிசுபிசுப்பு அதிகம். சவர்க்காரத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, காயவிட்டு, ஸ்பிரிற்றால் துடைத்தால் சரி. பெற்றோலால் துடைக்க வேண்டாம், மேற்பரப்பு இன்னும் கரையும்.

எயார்பாக் உள்ள ஸ்ரேரிங் என்றால் கதை வேறு. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல கார்களில் நடுவிலே எஸ்ஆர்எஸ் என்று எழுதியிருக்கும். அந்த நடுத்தட்டின் மேல் தோலோ துணியோ ஒட்டக் கூடாது, பிரிந்து திறக்க வேண்டிய கோட்டை மறிக்கவும் கூடாது. வளையத்துக்கு மட்டும் லெதர் தைக்க ஸ்ரேரிங்கைக் கழற்றத் தேவையேயில்லை, காரில் இருந்தபடியே தைக்கலாம். 'கழற்றினால்தான் வடிவாக வரும்' என்று சொல்லி, பற்றறியையும் விலக்காமல் ஸ்குரூ திருப்பத் தொடங்குகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். எயார்பாக் இல்லாத பழைய காரிலும், கழற்ற வேண்டி வந்தால் புள்ளர் என்கிற இழுகருவி போட்டு இழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் ஸ்ரேரிங்கைத் தாங்குகிற கொலம் பழுதாகும்.

இதோடு இன்னொன்று. தகாட்டா நிறுவனத்தின் எயார்பாக் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதற்குள் இருக்கிற அமோனியம் நைத்திரேற்று வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்காகக் கிடந்து கெட்டுப்போனால், எயார்பாக் விரியும்போது அதன் உலோகக் கூடே வெடித்துச் சிதறும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள், அந்த நிறுவனமும் 2017 இல் வங்குரோத்தானது. யப்பானிலிருந்து பாவித்த நிலையில் இங்கே வந்த கார்களிலும் அது இருக்கக்கூடும். சேசிஸ் இலக்கத்தைக் கொண்டு, கார் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் அல்லது இங்குள்ள அதன் முகவரிடம் பார்த்துக்கொள்ளலாம். லெதரின் நிறத்தைத் தெரிவதற்கு முன் இதைப் பாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, இனி லெதர். ஒரு மில்லிமீற்றரை ஒட்டிய மொத்தம் போதும். சீற்றுக்குப் போடுகிற தடித்த தோலைப் போட்டால் ஆரக்கால் மூலையில் மடிந்து நிற்கும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், உண்மைத் தோலில் நார் நாராகத் தெரியும், ரெக்சினில் அடியில் துணி தெரியும். எங்கள் வெக்கைக்கு ரெக்சின் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும், அந்தச் செதில் வேட்டியிலும் உள்ளங்கையிலும் ஒட்டும். கை அதிகம் வியர்க்கிறவர்களுக்குப் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் சிறு துளையிட்ட தோல் நல்லது. நிறத்தில் கறுப்பைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். மத்தியான வெயிலில் அதைத் தொட்டுப் பார்த்திருந்தால் கேட்கமாட்டார்கள்.

அளவில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடைக் கவர்களில் பெரும்பாலானவை 15 அங்குல விட்டத்துக்கு, கையளவு மொத்தமான வளையத்துக்குச் செய்தவை. பழைய பிரித்தானியக் காரின் ஸ்ரேரிங் அதைவிட அகலம், வளையமோ மெல்லியது. ஒரு நூலை வளையத்தைச் சுற்றிப் பிடித்து அளந்தால் புதிய காரில் 9, 10 சென்ரிமீற்றர் வரும், பழையதில் 7 தான் வரும். அந்த வித்தியாசம் முழுவதும் தொளதொளப்பு. நான் தோலை வெட்டும்போது நூல் காட்டிய அளவைவிட நாலைந்து மில்லிமீற்றர் குறைத்தே வெட்டுவேன். இழுத்துத் தைக்கும்போது இரண்டு ஓரமும் வந்து முட்டவேண்டும். பசை ஆரக்கால் மூலைகளில் மட்டும். சூடேறினால் பசை இளகும், ஆகவே பிடிப்பு முழுவதும் தையலில் இருக்க வேண்டும்.

தையல் மேலே பன்னிரண்டு மணியில் ஓர் ஊசிக் குத்தில் நிறுத்தி, கீழே ஆறு மணிப் பக்கமாக இறங்கும். பருத்தி நூல் வியர்வையில் உக்கிவிடும், மெழுகிட்ட நைலோன் அல்லது பொலியெஸ்ரர் நூல்தான். நாலைந்து தையலுக்கு ஒருமுறை பின்னுக்குப் போய் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்கவேண்டும். அவசரக்காரர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். மைனரிலும் ஒஸ்ரினிலும் ஹோர்ன் வளையம் இருந்தால் தைத்து முடித்ததும் அழுத்திப் பாருங்கள். தோலின் மொத்தம் வளையத்தைத் தடுத்தால் ஒன்றில் ஹோர்ன் அடிக்காது, இல்லாவிட்டால் முல்லைத்தீவுவரை அடித்துக்கொண்டே போகும்.

பராமரிப்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஈரத்துணியில் கொஞ்சம் சவர்க்காரம் தொட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். வயலுக்கு மருந்து அடித்த கையைக் கழுவாமல் பிடிக்க வேண்டாம், அது தோலுக்கு மட்டுமல்ல உங்களுக்கும் கூடாது. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, ஸ்ரேரிங்குக்கும் திருநீறு சந்தனம் பூசுகிறவர்கள் நடுத்தட்டில் ஒரு பொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தையல் பள்ளத்துக்குள் போன சந்தனம் பிறகு ஊசி முனையால் கூட வராது. அங்கே விற்கிற கச்சானைத் தின்ற கை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அந்த வழியால் போகிறவன்தான்.

தேங்காய் எண்ணெய் பூசினால் தோல் மினுங்கும் என்று ஆரோ கிளப்பிவிட்ட கதையை நம்பவேண்டாம். பூசிய அன்றே வழுக்கும், கொஞ்ச நாளில் சிக்குப் பிடித்து மணக்கும். அதைவிட மோசம் சேர்விஸ் கடைகளில் டாஷ்போர்ட்டுக்கு அடிக்கிற சிலிக்கன் பொலிஷ். அதே துணியால் ஸ்ரேரிங்கையும் ஒரு துடை துடைத்துத்தான் தருவார்கள். புதிதாகக் கழுவிய கார், பளபளவென்ற ஸ்ரேரிங், கேற்றைத் தாண்டி முதல் திருப்பத்திலேயே கை நழுவும். காரை விடும்போதே ‘ஸ்ரேரிங்குக்குப் பொலிஷ் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். சொல்லியும் அடித்திருந்தால், ஓட்ட முன் அங்கேயே சவர்க்காரத் தண்ணீர் கேட்டுத் துடைத்துவிட்டு எடுங்கள்.