மாமாவின் கணினியில் என் கிளிக் விழவில்லை

மஸ்கெலியா டவுனில் மாமா ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறார். போட்டோகொப்பி, ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம், அடையாள அட்டைப் படம் எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள்தான். கணினி முரண்டு பிடித்தால் எனக்குக் கோல் வரும். ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மழையில் பஸ் ஏறிப் போகாமல், தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைத் திறக்கச் சொல்லி, இருந்த இடத்திலிருந்தே சரிசெய்து கொடுப்பது வழக்கம்.

ஒருநாள் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றார். அந்த மென்பொருளின் புதிய பதிப்புக்கு லிங்க் அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்து, "மருமகனே, நீ அனுப்புனத தொறந்தேன். செவப்பா ஒரு பெட்டி வந்துச்சி. இப்ப பைலையே காணோம்" என்றார்.

பைல் தொலையவில்லை. அன்டிவைரஸ் அதைத் தூக்கி, இயங்க முடியாதபடி உருமாற்றி, தனக்கென்று வைத்திருக்கும் தனியறையில் பூட்டிவிட்டது.

ஏன் பூட்டியது? தொலைவு உதவி மென்பொருள் செய்யும் வேலைகளைப் பாருங்கள். திரையில் தெரிவதை நொடிக்குப் பல தடவை பிடித்து, மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கி வெளியே அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் கட்டளைப்படி மவுஸை நகர்த்துகிறது, எழுத்துகளைத் தட்டுகிறது, பைல்களை எடுக்கிறது, வைக்கிறது. நிரந்தரமாகப் பதிந்துகொண்டால் விண்டோஸ் எழும்போதே தானும் எழுந்து, எங்கோ இருக்கும் சேர்வருக்குத் தகவல் சொல்கிறது. சரி, உளவு பார்க்கும் வைரஸ் ஒன்று என்னென்ன செய்யும்? அதே பட்டியல்தான். வித்தியாசம் ஆளின் எண்ணத்தில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்க பைலுக்குள் இடமில்லை.

குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 1998இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கொன் என்ற ஹேக்கர் மாநாட்டில் ஒரு குழு 'பேக் ஒரிஃபிஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டது. விண்டோஸ் கணினியைத் தூரத்திலிருந்து ஆட்டிவைப்பதுதான் அதன் வேலை. அன்டிவைரஸ்கள் அதை உடனே கறுப்புப் பட்டியலில் போட்டன. ஏறக்குறைய அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து 'விஎன்சி' என்ற மென்பொருள் வந்தது. அதைக் கணினி நிர்வாகிகள் கொண்டாடினார்கள். அடிப்படை வேலை இரண்டுக்கும் ஒன்றே. அதனால்தான் இன்றும் பல அன்டிவைரஸ்கள் இப்படிப்பட்ட கருவிகளுக்கு 'வைரஸ் அல்ல, ஆனாலும் ஆபத்தாகலாம்' என்று ஓர் இடைப்பட்ட வகுப்பு வைத்திருக்கின்றன.

அப்புறம், ஒரு பைலை நம்புவதா என்று முடிவெடுக்க அவை வேறு சிலவற்றையும் பார்க்கின்றன. ஒவ்வொரு பைலுக்கும் கணக்குப் போட்டு எடுக்கும் கைரேகை உண்டு. ஒரேயோர் எழுத்து மாறினாலும் முழுக் கைரேகையும் மாறிவிடும். அந்தக் கைரேகை உலகத்தில் எத்தனை கணினிகளில் பார்த்துப் பழகியது என்று கேட்கப்படும். நேற்று வெளிவந்த பதிப்பை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள், ஆகவே சந்தேகம். தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பமும் கணக்கில் வரும். அதுவும் என்றைக்கும் நிலைக்கும் என்றில்லை: 2024 பெப்ரவரியில் தன் சேர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக, தொலைவு உதவி மென்பொருள் தயாரிக்கும் எனிடெஸ்க் நிறுவனம் அறிவித்து, பழைய கையொப்பச் சான்றிதழைக் கைவிட்டு, புதிய பதிப்புக்கு மாறச் சொன்னது.

இணைப்பிலும் சிக்கல் வரலாம். மாமாவின் கடையில் இருப்பது 4ஜி ரவுட்டர். வெளியிலிருந்து அதற்கு நேராகக் கதவு தட்ட முடியாது. அதனால் அவருடைய கணினியும் என்னுடையதும் வெளியே போய் ஒரு நடு சேர்வரில் சந்திக்கின்றன. லயத்துக்கு லயம் போகாமல் இருவரும் டவுனுக்கு வந்து பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதுபோல. சில அன்டிவைரஸ்கள் பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பையும் இடையில் பிரித்துப் பார்த்து, தங்கள் முத்திரையை ஒட்டி அனுப்பும். முத்திரை மாறியதைக் கண்டால் தொலைவு மென்பொருள் பேச மறுக்கும். திரையில் 'இணைகிறது' என்று மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கு பழைய பதிப்பு ஒன்றைத் திறந்து எப்படியோ உள்ளே போய்விட்டேன். அன்டிவைரஸின் அமைப்புகளைத் திறந்து, 'அனுமதி' என்ற பொத்தானின் மேல் மவுஸை வைத்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். பொத்தான் அசையவே இல்லை. மற்ற ஜன்னல்களில் எல்லாம் அதே கிளிக் நன்றாக விழுந்தது.

கையால் அழுத்திய கிளிக் எது, ஒரு மென்பொருள் உண்டாக்கிய கிளிக் எது என்று விண்டோஸுக்குத் தெரியும். இரண்டாவது வகையின்மேல் ஓர் அடையாளம் இட்டுத்தான் அனுப்பும். அந்த அடையாளம் உள்ளதை ஏற்காமல் விட அன்டிவைரஸுக்கு முடியும். தவிர, அதிகாரம் குறைந்த மென்பொருள் அதிகாரம் கூடியதன் ஜன்னலுக்குள் கிளிக் அனுப்புவதை விண்டோஸே தடுத்துவிடும். நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியும் தனித் திரையில்தான் எழும். எனக்கு இங்கே வெறும் கறுப்பு, மாமாவோ போனில், "ஆமாவா இல்லையான்னு கேக்குதே, எத அமுத்த?" என்கிறார்.

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் என் கிளிக்கை ஏற்கும் அன்டிவைரஸ், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இதே கருவியைப் போடவைக்கும் மோசடிக்காரனின் கிளிக்கையும் ஏற்கும். ஆகவே மாமாவின் விரலே வேண்டியிருந்தது. அன்டிவைரஸை முழுதாக அணைக்கச் சொல்லவில்லை. பென்டிரைவ்கள் வந்துபோகும் கடையில் அது தற்கொலை. தயாரித்த நிறுவனத்துடையதுதானா என்று கையொப்பத்தைப் பார்த்து, அந்த ஒரு பைலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தோம். பிரிண்டரில் ஒரேயொரு விண்ணப்பம் வரிசையில் சிக்கியிருந்தது. அதை நீக்க இரண்டு நிமிடம் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. நாங்கள் கொடுத்த விலக்கு கைரேகைக்கு; கைரேகை மாறிவிட்டது. மீண்டும் சிவப்புப் பெட்டி, மீண்டும் கோல்.

"பேரு பழைய பேருதான் மருமகனே. ஆளு புதுசா?"

"ஆமா மாமா, புதுசு. குடையோட யாராச்சும் நின்னா கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க."