இடைமொழி: 'இன்டர்லாங்வேஜ்' என்ற கலைச்சொல்

தமிழ் கற்கும் வளர்ந்தவர் ஒருவர் "அவன் பந்தைப் போடினான்" என்கிறார். 'போட்டான்' என்று திருத்துகிறோம். மறுநாளும் 'போடினான்' என்றே வருகிறது. அவர் வாய்க்கு வந்தபடி பேசவில்லை. ஓடு, ஓடினான், ஆடு, ஆடினான், பாடு, பாடினான் என்று கேட்டுப் பழகியவர் 'போடு' என்பதையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டார். 'போடினான்' என்பதைத் தமிழரிடமிருந்து அவர் கேட்டிருக்க முடியாது. தாய்மொழியிலிருந்து கொண்டுவரவும் இல்லை. அவரே கட்டிக்கொண்ட இலக்கணம் இது. ஒருவர் இரண்டாம் மொழியைக் கற்கும்போது மனத்தில் உருவாகும் இத்தகைய அமைப்பைத்தான் மொழியியலில் 'இன்டர்லாங்வேஜ்' என்கிறார்கள்.

சொல்லின் முன்பாதி லத்தீனில் 'இடையே' என்று பொருள்படும் 'இன்டர்'. பின்பாதி, நாக்கைக் குறிக்கும் 'லிங்குவா'விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கலைச்சொல்லாக இதை நிலைநாட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் லாரி செலிங்கர். அவருடைய 1972ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே இதுதான். மொழியியலாளர் யூரியல் வைன்ரைக் 1953இல் மொழித்தொடர்பு பற்றி எழுதிய நூலில் கையாண்ட 'இன்டர்லிங்குவல்' என்ற அடையே இதற்கு முன்னோடி. அதே காலத்தில் போட்டிப் பெயர்களும் இருந்தன. பிட் கார்டர் 'மாறுநிலைத் திறன்' என்ற பொருளில் ஒன்றைச் சொன்னார். வில்லியம் நெம்சர் 1971இல் 'தோராய அமைப்பு' என்ற பொருளில் இன்னொன்றை முன்வைத்தார். நிலைத்தது செலிங்கரின் சொல்.

கார்டர் 1967இல் செய்த ஒரு வேறுபாடு இங்கே முக்கியம். அசதியாலோ அவசரத்தாலோ நா பிறழ்வது ஒரு வகை. பேசியவரே உடனே திருத்திக்கொள்வார். கற்பவரின் அப்போதைய விதியிலிருந்தே பிறக்கும் பிழை வேறு வகை. அது திரும்பத் திரும்ப வரும், அவர் காதுக்குத் தவறாகவும் படாது. முதலாவதை 'நாப்பிறழ்ச்சி' என்றும் இரண்டாவதை 'வழு' என்றும் சொல்லலாம். வழு நம் இலக்கண மரபில் ஏற்கெனவே உள்ள சொல். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை. ஆனால் பார்வை வேறு. "அவள் வந்தான்" என்று ஒருவர் எப்போதும் சொன்னால் நன்னூல் அதைப் பால்வழு என்னும். இடைமொழியை ஆராய்பவரோ, 'ஆன்' என்பது இவருக்குப் பால் காட்டும் விகுதிதானா, வெறும் இறந்தகால முடிவா என்று கேட்பார். கற்பவரின் பேச்சை, அவர் கற்கும் மொழியான இலக்கு மொழியின் அளவுகோலால் மட்டும் அளப்பதை ராபர்ட் பிளே-விரோமன் 1983இல் 'ஒப்பீட்டு மயக்கம்' என்று கண்டித்தார். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. வகுப்பில் மதிப்பெண் போடுபவருக்குத்தான் சங்கடம்.

மொழி வகுப்புக்கு அதிகம் போகாமல், அன்றாடப் பழக்கத்திலேயே மொழி கற்ற புலம்பெயர்ந்தோரை ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆய்வுத் திட்டம் பின்தொடர்ந்தது. மொத்தம் 40 பேர். பஞ்சாபி, துருக்கி, அரபு உட்பட ஆறு தாய்மொழிகள். ஆங்கிலம், ஜெர்மன் உட்பட ஐந்து இலக்கு மொழிகள். அதிலிருந்து வொல்ஃப்காங் கிளைனும் கிளைவ் பெர்டியூவும் 1997இல் விவரித்த 'அடிப்படை வழக்கு' வியப்பானது. எந்த மொழிக்காரரானாலும் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ ஒரே மாதிரிப் பேசினார்கள்: வினைக்கு விகுதி கிடையாது, காலத்தை 'நேற்று', 'அப்புறம்' போன்ற சொற்கள் காட்டும், செய்பவர் முதலில், புதுச் செய்தி கடைசியில். துருக்கி, தமிழைப் போலவே விகுதிகளை அடுக்கும் மொழி. அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் விகுதியின்றித்தான் தொடங்கினார்கள். எல்லாவற்றையும் தாய்மொழியின் தலையில் கட்டுவதற்கு இது நல்ல மறுப்பு. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், சொல்வளம் பெருகியபின்னும் இலக்கணத்தில் அங்கேயே நின்றுவிட்டார்கள்.

இந்த நின்றுபோதலுக்கும் செலிங்கர் பெயரிட்டார்: 'ஃபாசிலைசேஷன்'. நேராகச் சொன்னால் புதைபடிவமாதல். ஆனால் தமிழில் இது உயிரற்ற எச்சத்தையே நினைவூட்டுகிறது. இங்கோ அன்றாடம் புழங்கும் பேச்சு. 'உறைவு' போதும்: "அவருடைய இடைமொழி வேற்றுமை உருபுகளில் உறைந்துவிட்டது." தாய்மொழியாளர் அளவுக்கு எட்டுவோர் 5 விழுக்காடு இருக்கலாம் என்று செலிங்கர் எழுதியது உத்தேசக் கணிப்பு. அதைக் கணக்கெடுப்பு முடிவுபோல எடுத்தாளக் கூடாது.

தமிழ்ச் சொல்லாக 'இடைமொழி' எனக்கு ஏற்புடையது. 'இடைநிலை மொழி' என்றால் எல்லோரும் கடந்துபோகும் ஒரு படி என்ற எண்ணம் வரும். உறைந்தவருக்கு அது பொருந்தாது. 'கலப்பு மொழி' தவறு; இரு மொழிகளையும் நன்கறிந்தவர் அவற்றைக் கலந்து பேசுவது வேறு செய்தி. இரு மொழியினர் பொதுவாகப் பேசிக்கொள்ளும் மூன்றாவது மொழிக்கு 'இணைப்பு மொழி' என்ற பெயர் உண்டு. 1951இல் வெளிவந்த செயற்கை மொழியான 'இன்டர்லிங்குவா' சிறப்புப் பெயர். அதை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதுவது நல்லது.