முக்காலே மூன்று வீசம் முகில்

ஒரு ஐப்பசிப் பின்னேரம், இரணைமடுக் குளக்கட்டில் நானும் மருமகளும் வானத்தை அளந்துகொண்டிருந்தோம். வானத்தை எட்டாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு முகில்? இதுதான் போட்டி. குளக்கட்டிலேயே மல்லாந்து படுத்திருந்தவள் "மூண்டு, மாமா" என்றாள். நின்றபடி காட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆறு என்று பட்டது. ஒரே வானம், ஒரே நிமிடம், இரண்டு மடங்கு வித்தியாசம்.

வானிலை நிலையங்களில் இந்தக் கணக்கை வேலையாகவே செய்கிறார்கள். வவுனியாவிலும் மன்னாரிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் உண்டு. உலகம் முழுக்க முக்கியமான அவதானிப்பு நேரங்கள் 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும். நமக்கு அது காலை 5.30, 8.30, 11.30 என்று போகும். ஏன் இந்த அரை மணி? கிரீனிச்சில் பூச்சியம் மணி ஆகும்போது இங்கே 5.30. எல்லா நாட்டிலும் ஒரே கணத்தில் பார்த்தால்தான் ஒரே வரைபடத்தில் வைக்கலாம்.

முகிலை அளக்கும் அலகுக்கு ஒக்டா என்று பெயர். எட்டில் ஒன்று. நமக்கு இது புதிதில்லை, பழைய வாய்ப்பாட்டில் அதற்கு அரைக்கால் என்று பெயரே இருக்கிறது. எண்ணும் முறையும் அந்த வாய்ப்பாட்டுக்கு அப்படியே பொருந்தும். வானத்தை மனதால் நான்கு காலாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலிலும் இரண்டு அரைக்கால். ஒரு காலைப் பார்த்துவிட்டுத் திரும்பி அடுத்ததைப் பார்த்து, கடைசியில் கூட்டிவிடலாம். முகில் பாதிக்கு மேல் இருந்தால் நீலத்தை எண்ணி எட்டில் கழிப்பது சுலபம்.

இரண்டு ஓரங்களிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பூச்சியம் என்று எழுத வேண்டுமானால் வானத்தில் ஒரு துண்டு முகிலும் இருக்கக்கூடாது. முல்லைத்தீவுப் பக்கம் கடலோரத்தில் ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு, முகில் தெரிந்தாலும் அது 1. அதேபோல 8 என்றால் ஓட்டையே இருக்கக்கூடாது. "முக்காலே மூன்று வீசம்" என்று பேச்சில் சொல்வோமே, பதினாறில் பதினைந்து, கிட்டத்தட்ட முழுசு என்ற பொருளில்? அந்த அளவு மூடியிருந்தாலும் 7 தான். மிச்ச ஒரு வீசம் நீலத்தைப் பதிவேடு விட்டுக்கொடுக்காது.

சரி, எங்கள் மூன்றுக்கும் ஆறுக்கும் வருவோம். வானம் நம் கண்ணுக்கு அரைக்கோளமாகத் தெரிவதில்லை. கவிழ்த்த தாம்பாளம் மாதிரி, தலைக்கு மேல் கிட்டவும் விளிம்பில் எட்டவும் தெரிகிறது. யாரையாவது கூப்பிட்டு, தொடுவானத்துக்கும் உச்சிக்கும் நடுப்புள்ளியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். சரியான நடு 45 பாகை. பெரும்பாலானவர்களின் விரல் அதற்கு நன்றாகக் கீழேதான் நிற்கும். இதனால் விளிம்பில் இருக்கும் முகிலைக் கண் பெரிதாக்கிவிடும். போதாததற்கு, பஞ்சுக் குவியல்போல எழும் தூரத்துத் திரள்முகில்களை நாம் அடியிலிருந்து பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கிறோம். இடையில் நீலம் இருந்தாலும் ஒன்றின் உடம்பு அடுத்ததை மறைத்துவிடும். ரயில் பாதையோரம் நின்று தூரத்துத் தந்திக்கம்பங்களைப் பார்த்தால் வேலி போல நெருங்கித் தெரியுமே, அதே சங்கதி. நான் ஏமாந்தது இங்கே.

அவள் ஏமாந்தது இன்னொரு இடத்தில். கையை நீட்டி, பொத்திய கை மூன்றைத் தொடுவானத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஏறத்தாழ 30 பாகை வரும். அந்த உயரத்துக்குக் கீழே நம்மைச் சுற்றி வளையமாக இருக்கும் வானம், முழு வானத்தின் சரிபாதி. நம்பக் கஷ்டம், ஆனால் அரைக்கோளத்தின் கணக்கு அப்படித்தான். மல்லாந்து படுத்தவள் அந்தப் பாதியைப் பார்க்கவே இல்லை. வன்னியில் வீட்டு முற்றத்தில் நின்று எண்ணினாலும் இதே பிழைதான் வரும்: பாலையும் முதிரையும் பனையும் அந்த வளையத்தைத் தின்றுவிடும். அவதானிப்புக்கு வெட்டவெளி கேட்பது இதனால்தான். நமக்கு அந்த வசதியைக் குளக்கட்டுகள் தருகின்றன.

பக்கவாட்டில் தெரிவதையும் சேர்ப்பதா என்றால், சேர்க்க வேண்டும். நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் வானத்தில் எத்தனை பங்கு மறைந்திருக்கிறது என்பதுதான் விதி. மேலிருந்து பார்க்கும் செய்மதி வேறு எண் சொல்லலாம். அது அதன் பார்வை. இருவரும் எழுந்து நின்று, நான்கு காலையும் திரும்பித் திரும்பிப் பார்த்து 5 என்று முடித்தோம். அரையே அரைக்கால்.

மூன்றோ ஐந்தோ, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். விமானியிடம் கேட்டால் வேறு கதை. வானூர்தி அறிக்கைகளில் 1, 2 என்றால் "ஃபியூ", 3, 4 என்றால் "ஸ்கேட்டர்ட்", 5 முதல் 7 வரை "புரோக்கன்", 8 என்றால் "ஓவர்காஸ்ட்". வானத்தில் பாதிக்கு மேல் மூடும் மிகத் தாழ்ந்த முகில் அடுக்குத்தான் கூரை, அவர்கள் மொழியில் சீலிங். சரிபாதி மூடினால் கூரை இல்லை; ஐந்தாவது அரைக்கால் சேர்ந்ததும் உண்டு. பலாலியில் இறங்க வரும் விமானி முகிலுக்கு அடியில் வெளிப்பட்டு ஓடுபாதையைக் கண்டுபிடிக்க எவ்வளவு உயரம் மிஞ்சும் என்பது அந்தக் கூரையைப் பொறுத்தது. 20,000 அடிக்கு மேலே இருக்கும் கீற்றுமுகில் வானம் முழுக்கப் பரவினாலும் அதைக் கூரை என்று கணக்கெடுப்பதில்லை.

அடுக்குகளில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வோர் அடுக்கையும் மற்றவை இல்லாததுபோல நினைத்து மதிப்பிட வேண்டும். கீழே திரள்முகில் 3, நடுவில் 4, மேலே 5 என்று எழுதலாம். கூட்டினால் 12 வரும், பிழையில்லை. ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி உயரம். மலைநாட்டில் முகில் எந்த மலையின் எந்த இடத்தை வெட்டுகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். வன்னி தட்டையான பூமி, அந்தச் சலுகை இல்லை. பழைய முறைகளில் ஒன்று பலூன். நிமிடத்துக்கு 150 மீற்றர் ஏறும்படி வாயு நிரப்பி விட்டால், நாலாவது நிமிடத்தில் முகிலுக்குள் மறைந்தால் அடிப்பாகம் 600 மீற்றர். இரவில் இன்னும் அழகான முறை: தேடொளி விளக்கை நேர்மேலே அடித்து, 300 மீற்றர் தள்ளி நின்று முகிலில் விழும் வெளிச்சப் பொட்டின் கோணத்தை அளப்பது. கோணம் 45 பாகை என்றால் உயரமும் 300 மீற்றர். பள்ளிக்கூடத்தில் படித்த தான்சன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இது பதில்.

மேலே எதையும் அனுப்பாமலும் திரள்முகிலின் அடியை மதிப்பிடலாம். சூடாகி மேலெழும் காற்று கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை குளிரும். அதே காற்றின் பனிபடுநிலையும், அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையும், கிலோமீற்றருக்கு 2 பாகை போல இறங்கும். ஆக இடைவெளி கிலோமீற்றருக்கு 8 பாகை வீதம் மூடுகிறது. ஒரு பாகைக்கு 125 மீற்றர். நிலத்தில் வெப்பநிலை 33, பனிபடுநிலை 25 என்றால் முகிலின் அடி ஏறத்தாழ 1,000 மீற்றரில். பின்னேரத் திரள்முகில்களின் அடிப்பக்கம் எல்லாம் மட்டக்கோல் வைத்துச் சீவியதுபோல ஒரே மட்டத்தில் இருப்பதற்கும் காரணம் இதுதான். விரிப்புப்போலப் பரந்து கிடக்கும் படைமுகிலுக்கு இந்தக் கணக்குச் சரிவராது.

இப்போது பல விமான நிலையங்களில் லேசர்க் கருவி இந்த வேலையைச் செய்கிறது. ஒளி ஒரு மைக்ரோ செக்கனில் 300 மீற்றர் ஓடும். மேலே அனுப்பிய துடிப்பு முகிலில் பட்டு 6 மைக்ரோ செக்கனில் திரும்பினால், போக 3, வர 3. முகில் 900 மீற்றரில். உயரத்தில் மனிதக் கண் இதனுடன் போட்டியிடவே முடியாது. மூடிய பங்கைச் சொல்வதில்தான் கருவி திணறும். அது பார்ப்பது தலைக்கு நேர்மேலே ஊசி போன்ற ஒரு துளை மட்டும். காற்று முகில்களை அந்தத் துளைக்கு மேலாக நகர்த்திக்கொண்டு போகும் என்ற நம்பிக்கையில், கடந்த அரை மணி நேரத்துப் பதிவுகளைச் சேர்த்து எட்டில் இத்தனை என்கிறது. முகில் நகராமல் நின்றால் கணக்குக் கெட்டது. இரணைமடு போன்ற பெரிய நீர்ப்பரப்பு பகலில் சுற்றியுள்ள நிலத்தைப்போலச் சூடேறாது. அதனால் அதன் மேல் திரள்முகில் குறைவாகவே எழும். குளக்கரையில் இப்படி ஒரு கருவியை வைத்தால், காட்டுக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும் இடிமுகிலைக் காணாமல் "வானம் தெளிவு" என்று எழுதிக்கொண்டிருக்கும். என்னைக் கேட்டால், உயரத்துக்குக் கருவி, பங்குக்குக் கண் என்பேன்.

தை மாதம் ஒரு விடியற்காலை மருமகள் வவுனியாவிலிருந்து அழைத்தாள்.

"ஒண்டும் தெரியேல்ல மாமா, ஒரே மூடுபனி. எட்டுப் போடவோ, பூச்சியம் போடவோ?"

இரண்டும் இல்லை, 9. எட்டில் ஒன்பது எப்படி என்று சிரித்தாள். வானமே தெரியாதபோது போடும் குறி அது. அப்போது முகிலின் அடியும் தெரியாது; அதற்குப் பதிலாக நேர்மேலே எவ்வளவு தூரம் கண் போகிறது என்பதை எழுதுவார்கள். 8.30க்கு மறுபடி பார்க்கச் சொன்னேன். பனி கலைந்திருந்தது, மேலே ஒரு வீசம் முகிலும் இல்லை. இரவு முழுக்கப் பூச்சியமாக இருந்த வானத்தின் வழியாக நிலத்தின் சூடெல்லாம் தப்பிப் போனதால்தான் விடிய அந்த 9 வந்தது.